விசுவாசம் குறைந்தால் அற்புதம் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி, கூடலூரிலிருந்து. 9 நவம்பர் 2024

ஐயா, என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் குழறுகிறது. சென்ற மாதம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனோம். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அம்மா எழவில்லை. பிரசங்கியார், "இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுகிறார். குறை தன்னிடம் என்று அவர் நினைக்கிறார். என்னிடம் என்று நான் நினைக்கிறேன். இரட்சிப்பு இலவசம், அது கிருபை என்று ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அப்படியானால் சுகம் மட்டும் ஏன் விலைக்கு? உண்மையான அற்புதம் இன்றும் நடக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

10 நவம்பர் 2024

நடக்கிறது. என் வீட்டிலேயே நடந்தது.

1974. நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயன் வீடு கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கைக்கு நான்கு வயது. மூளைக்காய்ச்சல். கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, வில்லாய் வளைந்து கிடந்தாள். டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா தச்சரிடம் பெட்டிக்கு அளவு சொல்லி வைத்துவிட்டார். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். அவர் நூல் பிடித்துத் தங்கையை அளந்ததை நான் கம்பளிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா அடுப்பங்கரையில் முழங்காலில் நின்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில் தங்கை கண் திறந்து ரொட்டி கேட்டாள். எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் ஹட்டன் ரொட்டி, கோதுமை மாவைத் தடிமனாகத் தட்டிச் சுடுவது. அம்மாவுக்குக் கை நடுங்கியதில் முதல் ரொட்டி கருகிவிட்டது. அதையே தின்றாள்.

அவளுக்கு இப்போது 54 வயது. பேரன் எடுத்துவிட்டாள்.

ஆகவே அந்தக் கேள்விக்கு என் பதில் ஆம். மைக்கில் சொல்லப்பட்டதற்கு வருகிறேன். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரன் வருகிறான், உங்கள் அம்மாவைப் போல. நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை. நீங்களும் சுமந்துகொண்டுதான் போனீர்கள், தம்பி. கூரையைப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

லூக்கா 7இல் நாயீன் ஊர் விதவை. அவள் எதுவும் கேட்கவே இல்லை. விசுவாசம் என்ற சொல்லே அந்தப் பகுதியில் கிடையாது. ஒற்றை மகனின் பாடை போகிறது; இயேசு பார்க்கிறார், மனதுருகுகிறார், பாடையைத் தொடுகிறார், செத்தவன் எழுந்து உட்காருகிறான். அந்தப் பிரசங்கியார் அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

10 நவம்பர் 2024, இரவு

படுத்தபின் இன்னொருவன் நினைவுக்கு வந்தான். மல்குஸ். இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன். பேதுரு வாளை உருவி அவன் வலது காதை வெட்டினான். இயேசு தொட்டுச் சொஸ்தமாக்கினார். சிலுவைக்கு முன் கடைசியாகக் குணமானவன் விசுவாசியே அல்ல, பிடித்துக்கொண்டுபோக வந்தவன். நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது.

11 நவம்பர் 2024

தவறு. வெட்டியதுதான் நான்கிலும் இருக்கிறது. பேதுரு, மல்குஸ் என்ற பெயர்கள் யோவானில் மட்டும். குணமாக்கியது லூக்காவில் மட்டும். மூன்று பேர் திருத்தி எழுதியிருக்கிறார்கள், ஒருவர் சற்றுக் கோபமாக. வேதத்தைத் திறக்காமல் படுத்தபடி எழுதினால் இப்படித்தான் ஆகும். என் மனைவி கத்தோலிக்கர். "உங்கள் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்கிறாள்.

15 நவம்பர் 2024

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று இயேசுவே சொன்னாரே, அப்படியானால் விசுவாசம் இல்லாமல் சுகம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. குழப்பம் முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஸ்திரீக்கும் அந்த வார்த்தைதான், எரிகோ குருடனுக்கும் அதே வார்த்தைதான். கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. உடல் குணமானாலும் அதே சொல், ஆத்துமா மீட்கப்பட்டாலும் அதே சொல். எங்கள் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் "இரட்சித்தது" என்று போட்டுவிட்டது. என் மனைவியின் 1995ஆம் வருடத்துத் திருவிவிலியத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஸ்திரீயிடம் உடல் குணமானதைத்தான் சொல்கிறது. இரண்டு புத்தகங்களும் எங்கள் வீட்டில் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன, முதுகைக் காட்டிக்கொண்டு. சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முந்நூறு வருடம் கடந்துவிட்டது. எங்கள் சபையார் சொல்லும் கிருபையும் அவள் சபையார் சொல்லும் அருளும் ஒன்றுதானா என்பது எங்கள் சமையலறையில் இன்னும் முடிவாகவில்லை.

லூக்கா 17க்குப் போங்கள். குஷ்டரோகிகள் பத்துப் பேர். பத்துப் பேரும் போகிற வழியில் சுத்தமானார்கள். ஒருவன் திரும்பி வந்து காலில் விழுந்தான். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" அவனுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டது, அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கு நன்றி இல்லை. அதற்காக அவர்களுக்குக் குஷ்டம் திரும்பி வந்தது என்று லூக்கா எழுதவில்லை. கொடுத்ததைப் பிடுங்கவில்லை. குணம் பத்துப் பேருக்கு, அந்த வாக்கு ஒருவனுக்கு. இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

17 நவம்பர் 2024

ஒரு சகோதரர் சாட்சி எழுதியிருக்கிறார். முழு இரவு ஜெபத்தில் கரடி ஒன்று வாசல்வரை வந்ததாம். பாட்டுச் சத்தம் உயர்ந்ததும் திரும்பிப் போய்விட்டதாம். இது அற்புதம் இல்லையா என்கிறார்.

கோத்தகிரியில் கரடி வராத ஜெபவீடு எது? எங்கள் ஜெபவீட்டுக்கு வந்தது, பின்கதவைப் பெயர்த்து, அன்பின் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, தரையோடு நக்கிவிட்டு, அவசரமில்லாமல் போனது. அதுவும் போய்விட்டதுதான். இயல்பாக நடப்பதை எல்லாம் அற்புதக் கணக்கில் எழுதி வைத்தால், உண்மையிலேயே ஒன்று நடக்கும்போது சொல்வதற்கு வார்த்தை மிஞ்சாது.

எதையோ தேடி வந்து வேறெதையோ பார்ப்பது இந்த மலையில் பழைய வழக்கம். 1603இல் பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு, காணாமற்போன கிறிஸ்தவர்கள் நீலகிரி மேலே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கோழிக்கோட்டிலிருந்து காடேறி வந்தார். தோடர்கள் இருந்தார்கள், அவர்களுடைய எருமைகள் இருந்தன. கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. இறங்கிப் போய்விட்டார்.

24 நவம்பர் 2024

கூடலூர்த் தம்பி மறுபடியும் எழுதியிருந்தார்: "உங்கள் தங்கை பிழைத்தார், சரி. பிழைக்காதவர் யாரும் உங்கள் வீட்டில் இல்லையா?"

இருக்கிறார். எழுத வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அப்பா. 1981. வயிற்றில் கட்டி. அதே அம்மா, அதே அடுப்பங்கரை, அதே முழங்கால். சபையார் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். நானும் இருந்தேன், பதினெட்டு வயதில் பசியோடு. அப்போது வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் வந்தார். உங்கள் வீட்டில் சொன்னதைத்தான் எங்கள் வீட்டிலும் சொன்னார்: எங்கோ ஓர் அவிசுவாசம் தடையாக நிற்கிறது என்று. அப்பா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "அவருக்கு டீ கொடு" என்றார் அம்மாவிடம். ஊழியர் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் போனதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள் கழித்து இறந்தார். அந்தப் பதினோரு நாளில் ஜெபிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. கட்டியைவிட அந்தத் திரும்பிப் படுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஊழியருக்குச் சொல்ல அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். அப்போஸ்தலர் 19இல் பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்குகிறது. அதே பவுல் கடைசி நிருபத்தில் எழுதுகிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டு வந்தேன் என்று. உறுமால் தீர்ந்துபோயிற்றா? தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு; கொஞ்சம் திராட்சரசம் குடி என்று கைவைத்தியம் சொல்கிறார். தன் மாம்சத்தில் தைத்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொள்கிறார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்." முள் எடுக்கப்படவில்லை. அவர்கள் எல்லாருக்கும் விசுவாசம் குறைவா?

அப்போஸ்தலர் 12ஐயும் பாருங்கள். யாக்கோபை ஏரோது வாளால் கொல்கிறான். அடுத்த சில வசனங்களில் பேதுருவின் சங்கிலிகள் தாமாகக் கழல்கின்றன, தூதன் வந்து வெளியே நடத்திப் போகிறான். ஏன் ஒருவனுக்கு வந்தான், மற்றவனுக்கு வரவில்லை என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். பிடிக்கும் என்பது சரியான சொல் அல்ல. அந்த ஊழியரின் பேச்சைவிட அது மரியாதையானது.

2 டிசம்பர் 2024

இன்று எழுதப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் நவம்பர் 10ஆம் தேதிக் குறிப்பு பொய்ச்சாட்சியாக நிற்கும்.

அக்கா இந்தக் குறிப்புகளைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். உடனே தொலைபேசியில் அழைத்தார். 1974இல் அவருக்குப் பதினாறு வயது; எனக்கு அப்போது தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

"டாக்டர்கள் எங்கே கைவிட்டார்கள்? ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஊசியை வீட்டிலேயே போடலாம் என்று அனுப்பினார்கள். தோட்டத்துக் கம்பவுண்டர் தினமும் வந்து போட்டாரே, மறந்துவிட்டாயா? வீங்கின இடத்துக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தது நான்தானே?"

அம்மாவின் தகரப் பெட்டி அக்காவிடம்தான் இருக்கிறது. அதிலிருந்த பழுப்பு நோட்டைப் படம் பிடித்து அனுப்பினார். ஊசி மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. நூல் பிடித்து அளந்த இரவுக்கு மூன்று வாரம் முன்பே கோடுகள் தொடங்கிவிட்டன. அதற்குப் பிறகும் இரண்டு பக்கம் கோடுகள்தான்.

கைவிட்டது டாக்டர் அல்ல. நாங்கள். தச்சரிடம் போனது அப்பா.

இத்தனை வருடமாகச் சபையில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் அந்தச் சாட்சியை. ஒவ்வொரு தரமும் கம்பவுண்டர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, கடைசியில் இல்லாமலே போய்விட்டார். நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. சாட்சி நன்றாக அமையும்போது அவர் இடைஞ்சலாக இருந்திருப்பார்.

மருந்தும் கடவுள் தந்ததுதானே என்று சொல்லி நழுவலாம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. "மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியவர் மண்ணிலிருந்தே மருந்தும் தந்தார்" என்று அழகாகப் பிரசங்கிக்கவும் செய்யலாம். பொய்யில்லை. ஆனால் பிறகு கரடிக்காரரை நான் கேலி செய்ய முடியாது. தங்கை பிழைத்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அற்புதம் என்று இனி சாட்சி சொல்ல மாட்டேன். முதல் குறிப்பின் முதல் வரியில் "என் வீட்டிலேயே" என்பதை அடித்துவிட்டு வாசியுங்கள். "நடக்கிறது" என்பதை அடிக்கவில்லை.

4 டிசம்பர் 2024

தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு வலது காது கேட்காது. காய்ச்சலில் போயிற்று என்றே நினைத்திருந்தோம். அந்த ஊசிக்குச் செவியைக் கெடுக்கும் குணம் உண்டு என்று இப்போது படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிரசங்கம் நீளும்போது அந்தக் காதைத்தானே அவர் பக்கம் வைத்து உட்காருகிறேன்" என்றாள்.

மல்குஸுக்கும் வலது காதுதான்.

11 டிசம்பர் 2024

"உங்கள் அற்புதம் போனபிறகு எதை வைத்து நடக்கிறது என்கிறீர்கள்?" என்று ஒருவர். நியாயம்.

மூன்று நாளுக்கு முன், டிசம்பர் 8ஆம் தேதி, லூர்து நகரின் 71ஆவது அற்புதம் அங்கீகரிக்கப்பட்டது. பிரான்சில், 1858இல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். அன்றிலிருந்து சுமார் 7,000 பேர் குணமானதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே 1883 முதல் மருத்துவ அலுவலகம் இருக்கிறது. எந்த மதத்து டாக்டரும் தாள்களைப் பார்க்கலாம். ஏழாயிரத்தில் எழுபத்தொன்று. எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒரே மாலையில் அதைவிட அதிகம் அறிவித்துவிடுகிறார்கள்.

இந்த 71ஆவது ஆள் ஜான் ட்ரெய்னர், லிவர்பூல்காரர். முதல் உலகப் போரில் குண்டடிபட்டு வலது கை செயலிழந்தவர், வலிப்பு வேறு, மண்டையோட்டில் ஓட்டை. 1923இல் லூர்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குணமாகித் திரும்பி நிலக்கரி வியாபாரம் செய்தார், மூட்டை தூக்கினார். இராணுவமோ முழு ஊனமுற்றவர் என்று கொடுத்த ஓய்வூதியத்தை நிறுத்தவே இல்லை. வானத்துக்குத் தெரிந்தது ஓய்வூதிய இலாகாவுக்குத் தெரியவில்லை. திருச்சபை ஆம் என்று சொல்ல 101 வருடம் எடுத்துக்கொண்டது.

அவர்கள் வைத்திருக்கும் விதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் லாம்பர்தினி எழுதியவை. அவரே பின்னால் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் ஆனார். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானாக ஆறும் நிலையில் இருக்கக்கூடாது, மருந்தால் குணமாகியிருக்கக்கூடாது, சட்டென்று ஆக வேண்டும், முழுமையாக ஆக வேண்டும், திரும்பி வரக்கூடாது. "உங்கள் தங்கை முதல் சுற்றிலேயே வெளியே" என்றாள் மனைவி. அவள் ஊட்டியில் காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போய்வருகிறவள். 2022 மே 15இல் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது தொலைக்காட்சி முன் மண்டியிட்டிருந்தாள். அந்தத் தேவசகாயம் 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேதுருவுக்கு வந்த தூதன் அங்கே வரவில்லை. யாக்கோபின் வரிசை.

கிருபை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. லுத்தரன் சபைகளும் ரோமும் 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டார்கள்: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் 1989லேயே கையெழுத்தாகிவிட்டது, சார்பதிவாளர் முன்னிலையில்.

15 டிசம்பர் 2024

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்கலை வைணவர். திண்ணை வெயிலில் இதையெல்லாம் சொன்னேன். "இது எங்கள் பழைய வழக்காயிற்றே" என்றார். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். வடகலை குரங்கு, தென்கலை பூனை. "உங்கள் பிரசங்கியார் குரங்குக் கட்சி. கூடலூர் அம்மா குட்டிதான், பிடிக்கக் கை இல்லையே. இடது கை வராதென்றல்லவா சொன்னீர்கள்?"

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இழையில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை, நானும் சேர்த்து.

20 டிசம்பர் 2024

காலையில் உறைபனி. புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல. கொழுந்து கருகியிருக்கும்.

நான் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவன். கூலிக் கணக்கோடு முப்பது வருடம். ஆகவே ரோமர் 4:4 எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே புரியும்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." இத்தனை கிலோ பறித்தாய், இத்தனை ரூபாய். அங்கே நன்றிக்கு இடமில்லை. விசுவாசத்தை நிறுத்துப் போட்டு அந்த எடைக்குச் சுகம் தருகிறார் கடவுள் என்றால், அவரும் தராசுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

மத்தேயு 20இன் திராட்சத்தோட்டக்காரரைத் தோட்டத்து மொழியில் சொன்னால், அந்தி சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போட்டார். அரைப் பேர் அல்ல, முழுப் பேர். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். நானும் முறுமுறுப்பேன். முறுமுறுத்தேன். எங்கள் பழைய கங்காணி விஷயத்தில்.

அம்மா பறித்த காலத்தில் தராசு அந்தக் கங்காணி கையில். மழை நாளில் ஈரக் கழிவு, வெயில் நாளில் சாக்குக் கழிவு. முள் நிற்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். கேட்ட பெண்களுக்கு மறுநாள் செங்குத்தான சரிவில் வேலை. ஓய்வுபெற்று, பிள்ளைகள் கைவிட்டு, நீர்க்கோவையில் கால் வீங்கிக் கிடந்த கடைசி இரண்டு மாதத்தில் போதகரைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் கேட்டார். கொடுத்தார்கள். திருவிருந்தும் கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் திருடிவிட்டு, பதினோராம் மணி வேளையில் முழுப் பேர்!

அம்மா அவருக்குக் கஞ்சி கொண்டு போனார். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்து சொன்னார்: "எத்தனை கிலோ கழித்தாய் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கஞ்சியைக் கொடுத்தேன்." அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உப்புக் குறைவு என்றார்."

மறுநாள் அம்மா உப்பு அதிகம் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

21 டிசம்பர் 2024, அதிகாலை 3 மணி

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. விட்டுவிட்டேன்.

நானும் கழித்தேன். 1996 மழைக்காலம். படங்குக்கு, அதாவது கொழுந்து கட்டிவரும் சாக்குக்கு, இரண்டு கிலோ என்று மேலிருந்து சொன்னார்கள். ஈரம் அவ்வளவு இல்லாத நாளிலும் அதே இரண்டு கிலோ. நான் கேட்கவில்லை, எழுதினேன். ஒரு பெண் படங்கை இறக்கிவிட்டு முள்ளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவோடு வேலை செய்தவரின் மகள் அவள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசித்தது நான்.

"நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று தோட்டக்காரர் கேட்கிறார். கிருபைக்காக நான் இவ்வளவு வாதாடுவதில் சுயநலம் உண்டு, தம்பி. தராசு வேண்டாம் என்று சொல்கிறவன் தராசில் நின்றால் தேறாதவன்.

27 டிசம்பர் 2024

"மனம் வருந்தினால் போதுமா, கழித்ததைத் திருப்பிக் கொடுங்கள்" என்று இரண்டு பேர். ஒருவர் சகேயுவைக் காட்டியிருக்கிறார். சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான், உண்மை. ஆனால் இயேசு, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவன் பணப்பையைத் திறந்தான். இந்த வரிசை எனக்கு முக்கியம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பையைத் திறக்காமல் இருக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

விசாரித்தேன். அந்தப் பெண் திருப்பூரில் மகனோடு இருக்கிறாள். எண் கிடைத்திருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.

9 ஜனவரி 2025

கூடலூர்த் தம்பிக்கு.

இந்தக் குறிப்புகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். கங்காணி உப்புக் கேட்ட இடத்தில் சிரித்தார் என்றும், சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் போயிற்று என்றும். இரண்டு மாதம் எழுதியதில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்குச் சரி என்றீர்கள். வரும் வியாழக்கிழமை வருகிறோம். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் ஊட்டி, அங்கிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாக. நடுவட்டத்துக்குக் கீழே அந்த வளைவுகளில் என் மனைவிக்கு வயிற்றைப் புரட்டும், எலுமிச்சம்பழத்தோடு வருகிறாள். எண்ணெய்க் குப்பி கொண்டுவரவில்லை. மைக்கும் இல்லை. ஊட்டி வர்க்கி வாங்கி வருகிறேன், டீயில் நனைத்துக் கொடுத்தால் அம்மாவால் விழுங்க முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கையும் வருவேன் என்கிறாள். அம்மா பேசுவது மெல்லிய குரல் என்று எழுதியிருந்தீர்கள். கட்டிலை எந்தச் சுவரோரமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. முடிந்தால் சற்று நகர்த்தி, அம்மாவுக்கு இடப்புறம் ஒரு நாற்காலி போட இடம் விடுங்கள். தலைமாட்டைப் பார்த்து அதில் உட்கார்ந்தால் தங்கையின் இடது காது அம்மா பக்கம் இருக்கும்.